பட்டர் சோஸுடன் கொடுவா மீன்

மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் கொடுவா மீனின் வெள்ளைச் சதை தடிப்பானது, கொழுப்புக் குறைந்தது. பட்டர் சோஸுக்கு அதைவிடப் பொருத்தமான மீனை நான் கண்டதில்லை. சூரையின் கடுஞ்சுவை பட்டரை அமுக்கிவிடும். அதைப் புளிவிட்டு ஆணமாக்குவதே முறை.

நால்வருக்கு, முள் நீக்கித் தோலோடு வெட்டிய துண்டுகள் 600 கிராம் போதும். ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, மிளகுதூளும் சிறிதளவு உப்பும் தடவி, சூடான தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தோற்பக்கம் கீழிருக்க நான்கு நிமிடமும் புரட்டி இரண்டு நிமிடமும் பொரிக்க வேண்டும். கடைப் பட்டரில் பெரும்பாலும் உப்பு இருப்பதால், மீனுக்கு இடும் உப்பைக் குறைப்பது அவசியம்.

கவனம் முழுவதும் சோஸில் இருக்க வேண்டும். பொடியாக அரிந்த மூன்று சின்ன வெங்காயத்தை, மூன்று மேசைக்கரண்டி விநாகிரியும் அதேயளவு தண்ணீரும் விட்டு, ஒரு கரண்டியளவு நீர் மிஞ்சும்வரை வற்றவிடுங்கள். பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதியில் இதற்கு வெள்ளை வைனும் சேர்ப்பார்கள். நமக்குத் தென்னங்கள்ளில் எடுத்த விநாகிரியே போதுமான மணத்தைத் தருகிறது. பின்னர் அடுப்பை மிகக் குறைத்து, குளிர்ந்த பட்டர் 100 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்று கரைந்தபின் அடுத்ததாக இட்டு, கைவிடாமல் அடித்துக் கலக்குங்கள். பட்டரில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அதிலுள்ள சிறிதளவு பாற்புரதமே கொழுப்புத் துளிகளை நீரோடு பிணைத்து வைக்கிறது. கொதிக்கவிட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து எண்ணெய் தனியாக மிதக்கும். பிரியத் தொடங்கினால் உடனே இறக்கி, ஒரு கரண்டி குளிர்நீர் தெளித்து வேகமாக அடித்தால் பெரும்பாலும் மீண்டும் கூடிவரும். மாஜரின் இதற்கு ஈடாகாது.

ஒருவரின் பங்கில் மீனிலிருந்து சுமார் 30 கிராம் புரதமும், 25 கிராம் பட்டரிலிருந்து சுமார் 180 கலோரியும் விற்றமின் ஏயும் கிடைக்கின்றன. அந்தப் பட்டரில் நிரம்பிய கொழுப்பு மட்டும் ஏறத்தாழ 13 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 22 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பதால், பாதிக்கு மேல் ஒரே வேளையில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இதைச் சமைக்கும் நாளில் தேங்காய்ப்பால் சேர்த்த சொதியையும் பால்கறியையும் நான் தவிர்ப்பேன். தேங்காய்ப்பாலிலும் அதே கொழுப்புத்தான் மிகுதி. பக்கத்தில் அவித்த பயற்றங்காயும் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறும் பொருந்தும்.

இந்த சோஸை ஆறவைத்துச் சூடாக்க முடியாது. எல்லோரும் பாயில் அமர்ந்த பிறகே அதை மீனின்மேல் ஊற்றுங்கள்.