வளவில் பதிவான ஒலியும் கலவை அணியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடொன்றின் வளவில் கல்யாண மேளம் ஒலிக்கும்போது இரண்டு மைக்குகளை வைத்துப் பதிவுசெய்தால், கலந்த பதிவுகளிலிருந்து மூல ஒலிகளைப் பிரிக்கும் கணித முறையான சார்பற்ற கூறு பகுப்பாய்வு நாகஸ்வரத்தையும் தவிலையும் தனித்தனியே பிரித்துத் தந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அந்தப் பகுப்பாய்வின் அடிப்படை மாதிரி, ஒவ்வொரு மைக்கின் பதிவும் மூல ஒலிகளின் அதே கணத்து மதிப்புகளை மாறாத எண்களால் பெருக்கிக் கூட்டிய தொகை என்று கொள்கிறது. அந்த எண்களின் தொகுப்பே கலவை அணி. வளவில் நடப்பது அதுவன்று.

நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. ஒரு மைக் மற்றொன்றைவிட மூன்றரை மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி அதை 10 மில்லிவிநாடி தாமதமாக அடையும். விநாடிக்கு 16,000 மதிப்புகள் எடுக்கும் பதிவில் அது 160 இடங்கள் தள்ளிப்போவதாகும். இதற்கு மேல், மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், தாமதமான எதிரொலிகளும் பதிவில் சேர்கின்றன. இதைக் கன்வல்யூஷன் கலவையாகவே, அதாவது முந்தைய கணங்களின் மதிப்புகளும் தாமதங்களோடு சேரும் தொகையாகவே எழுத வேண்டும். தாமதமே இல்லாத உடனடிக் கலவையாக எழுதுவது, என் கருத்தில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை. கணினியில் நாமே கலந்த ஒலியைச் சரியாகப் பிரித்த நிரல் வளவுப் பதிவில் தோற்றால், நிரலைக் குறைசொல்லும் முன் மாதிரியைப் பார்க்க வேண்டும்.

ஒட்டுறவின்மையை (ஒலிகளுக்கிடையே நேர்கோட்டுத் தொடர்பு மட்டும் இல்லாததை) சார்பின்மை (எவ்வகைத் தொடர்பும் இல்லாதது) என்று கொள்வதும் தவறு. ஒட்டுறவை நீக்கிய பிறகும் கலவை அணியில் ஒரு சுழற்சி தீர்மானிக்கப்படாமலே எஞ்சுகிறது. அதைக் கண்டுபிடிக்க மூலங்களின் மதிப்புகள் மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஒரு மூலத்துக்கு மட்டுமே விலக்குண்டு என்பதை 1994-இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் கோமோன் தெளிவாக நிறுவினார். ஒரே தாளத்தில் சேர்ந்து எழும் நாகஸ்வரமும் தவிலும் முழுமையாகச் சார்பற்றவையும் அல்ல. அந்த அனுமானம் இங்கே ஒரு தோராயமே. சுருதி தரும் ஒத்தும் கைத்தாளமும் சேர்ந்தால் மூலங்கள் நான்காகிவிடும். அப்போது இரண்டு மைக்குகளுக்கான கலவை அணிக்கு நேர்மாறு இல்லை; அதாவது கலவையைத் திருப்பி மூலங்களை மீட்டெடுக்கும் அணி கிடைக்காது.

பிரிந்து வந்த கூறின் அளவையோ குறியையோ வரிசையையோ உண்மையென்று நம்பக் கூடாது; மாதிரி அவற்றை நிர்ணயிப்பதே இல்லை. உடனடிக் கலவையில் இது சிறு தொல்லைதான். கன்வல்யூஷன் கலவையை அதிர்வெண்வாரியாகப் பிரிக்கும்போதோ, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வரிசை தனித்தனியே மாறக்கூடுமாதலால், அவற்றைப் பொருத்தாமல் கோத்தால் நாகஸ்வரத்தின் ஒரு பகுதி தவிலின் தடத்தில் போய்ச் சேரும்.