பழைய டைவிங் மணிக்கூடு சேர்க்க ஆசையா? மட்டக்களப்பில் இருந்தே தொடங்கலாம்

டைவிங் மணிக்கூடு என்றதும் பலரும் ரோலெக்ஸ் சப்மரினர், பிளாங்பான் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் 1953இல் பிறந்த பெரிய பெயர்கள்தான். ஆனால் முதல் மணிக்கூட்டுக்கு அவை வேண்டாம். போலி அதிகம், விலையோ காணி விலை. நம் பக்கத்தில் 1980களில் சவூதி, குவைத், கட்டார் என்று வேலைக்குப் போனவர்கள் கையில் கட்டி வந்தது சீக்கோவும் சிற்றிசனும். அவற்றில் சில இன்னும் அலுமாரிக்குள் தூங்குகின்றன. அங்கே இருந்து தொடங்குங்கள்.

படி 1: ஒரே ஒரு மொடலைப் படியுங்கள்

என் தெரிவு சீக்கோ 6309-7040. 1976 முதல் 1988 வரை செய்தார்கள். உருண்டு பருத்த உடம்பு என்பதால் சேகரிப்பவர்கள் ஆமை என்பார்கள். நேரம் திருப்பும் திருகு 4 மணிப் பக்கம் இருக்கும். டயலில் 150 மீற்றர் என்று எழுதியிருக்கும்.

படி 2: கேளுங்கள்

“மாமா, உங்கட பழைய மணிக்கூட்டை ஒருக்கா பார்க்கலாமா?” இவ்வளவுதான். விலை பேசும்போது சந்தையில் என்ன போகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினால் அடுத்த கலியாண வீட்டில் முகம் பார்க்க முடியாது.

படி 3: பின்மூடியையும் டயலையும் ஒப்பிடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். பின்மூடியில் 6309-7040 என்று இருக்கும். முதல் பாதி உள்ளே ஓடும் இயந்திரத்தின் எண், அடுத்தது உடம்பின் எண். தொடர் இலக்கத்தில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபருக்குப் பூச்சியம், நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ எழுத்து. 25 என்று தொடங்கினால் 1982 மே. 7 என்று தொடங்கினால் 1977ஆ 1987ஆ என்று குழம்பும். மற்ற அடையாளங்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு லென்ஸ் எடுத்து டயலின் அடியில், 6 மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். அங்கேயும் 6309 என்று தொடங்க வேண்டும். பிறகு டோர்ச் அடித்துவிட்டு இருட்டில் வைத்துப் பாருங்கள். முள்ளிலும் டயலிலும் இருட்டில் ஒளிரப் பூசிய அந்தக் காலத்துப் பூச்சு இப்போது கொஞ்ச நேரம் மினுங்கினாலே பெரிய விஷயம். பச்சைப் பசேலென்று நெடுநேரம் ஒளிர்ந்தால் பூச்சு புதிது, அல்லது டயலே புதிது. முள்ளின் பூச்சு ஒரு நிறம், டயலின் பூச்சு இன்னொரு நிறம் என்றாலும் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். கிழமை அரபியில் வந்தால் பயப்பட வேண்டாம். வளைகுடாவில் விற்ற சிலவற்றில் ஆங்கிலமும் அரபியும் சேர்ந்தே இருந்தன. நம் ஊருக்கு வந்த வழியோடு அது பொருந்தத்தானே செய்கிறது!

படி 4: ஓட்டிப் பாருங்கள்

இதைச் சாவி கொடுத்து ஓட்ட முடியாது. மெல்ல அசைத்தால் ஓட வேண்டும். திருகு மரையில் இறுகியிருக்கும். இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றிய பிறகே இழுங்கள். மரை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் திகதியை மாற்றாதீர்கள், உள்ளே இருக்கும் சக்கரத்தின் பல்லு உடையும்.

படி 5: தண்ணீர் காட்டாதீர்கள்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் நம் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. கணக்கின்படி இந்த மணிக்கூடு அதைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கும் மேல் போகும். ஆனால் 150 மீற்றர் என்பது புதிதாக இருந்தபோது சொன்னது. நாற்பது வருடப் பழைய ரப்பர் வாசர் மார்கழி மழையைக்கூடத் தாங்காது. திருத்துபவரிடம் வாசரை மாற்றச் சொல்லுங்கள், பாலிஷ் மட்டும் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லுங்கள். கூர்மையான விளிம்புகள் ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். சேகரிப்பவன் அந்த விளிம்புக்குத்தான் காசு கொடுக்கிறான்.

படி 6: 1960களுக்கு முந்தியது கிடைத்தால்

பின்மூடியைத் திறக்காதீர்கள். அப்போதைய ஒளிரும் பூச்சில் ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்திருக்கலாம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்காது. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 வருடம் ஆகும். ரேடியத்துக்குப் பதிலாகப் பின்னால் வந்த திரிட்டியம் பாதியாக 12 வருடம் சொச்சம். ரேடியத் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து.

வாங்கியதைத் தோல் பட்டியோடு அலுமாரியில் போடாதீர்கள். வாவிக் காற்றும் கடற்காற்றும் சேர்ந்த ஊர் இது, தோல் பூஞ்சணம் பிடிக்கும். பட்டியைக் கழற்றி, காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.