வெற்று நிலத்தில் குளவி குடியேறுவதைத் தோட்டத்திலேயே பார்ப்பது எப்படி?

1883இல் இந்தோனேசியாவின் கிராக்காத்தாவ் எரிமலை வெடித்தபின் எஞ்சிய தீவுகளைச் சாம்பல் மூடிவிட்டது. 1930இல் அதே கடலில் நிலைகொண்ட அனாக் கிராக்காத்தாவ் என்ற புதிய எரிமலைத் தீவு, பிறக்கும்போதே வெறும் சாம்பல் மேடு. அங்கெல்லாம் ஒட்டுண்ணிக் குளவி, அதாவது வேறு பூச்சிகளின் புழுவிலோ முட்டையிலோ தன் முட்டையை இடும் குளவி, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எரிமலை ஏது? பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்த வெற்று நிலம் இருக்கிறது. காடு பக்கத்திலேயே இருப்பதால் இங்கே எல்லாம் விரைவாக நடக்கும். அங்கே நடுவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடல். ஆனால் கேள்வி ஒன்றுதான்.

முதலில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டு, மருந்து அடிக்காத வாரமாகப் பாருங்கள். மலிவு விலைக் கடையில் மஞ்சள் கிண்ணம் வாங்குங்கள். மஞ்சள் நிறம் குளவியை இழுக்கும். விளிம்புக்குக் கீழே சிறு துளைகள் போட்டு வலைத்துணி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மாலை மழையில் கிண்ணம் வழிந்து பிடிபட்டதெல்லாம் போய்விடும். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் பூச்சி மிதக்காது, மூழ்கும். கிண்ணத்தை அந்த நிலத்தில் வைத்துவிட்டு, மறுநாள் வடிகட்டி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல குளவிகள் கடுகைவிடச் சிறியவை. அனாக் கிராக்காத்தாவின் எரிமலைப் பாறைமேல் விலங்கியலாளர் இயன் தார்ன்டன் குழுவினரும் 1980களில் தண்ணீர்த் தட்டு வைத்துத்தான் காற்றில் வந்து விழும் பூச்சிகளைப் பிடித்தார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். கிண்ணத்தில் விழுந்தது வந்த குளவி மட்டுமே, குடியேறிய குளவி அல்ல. முட்டையிட அதற்கு ஒரு புழுவோ, முட்டையோ, கூட்டுப்புழுவோ வேண்டும். அந்த இரை இல்லாத தீவில் காற்று எத்தனை குளவிகளைக் கொண்டுவந்து கொட்டினாலும் ஒரு தலைமுறையோடு முடிந்தது. அதனால் பலவகைப் புழுக்களில் வளரக்கூடிய இனங்களுக்கே வாய்ப்பு அதிகம். பெரும்பாலான இனங்களில் ஆணைச் சேராத பெண்ணின் முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும். ஆண் துணையின்றியே பெண் குஞ்சுகளை ஈனும் இனங்களும் உண்டு. அவற்றுக்கு வழிதவறி வந்த ஒரே தாய் போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆகவே இரண்டாவது வேலை: செம்பனை ஓலையில் தொங்கும் பைப்புழுக்களை (தானே கட்டிய பைக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுக்களை) பையோடு பறித்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். வெயில் படாத இடத்தில் வைத்துத் தினமும் பாருங்கள். பையிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாகக் குளவி வந்தால், அந்த இனம் அங்கே பிழைக்கிறது. தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். வெளிவந்த குளவிகளைப் பறித்த இடத்திலேயே திறந்துவிடுங்கள்; பைப்புழு ஓலையைத் தின்னும் நிலத்துக்கு அவை வேண்டும்.