இங்கிலாந்தின் பழைய தொழில் பெயர்கள்: வம்சாவளி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பூர்வீகம் தேடுபவர்களுக்குப் பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். எழுத்துக்கூட்டல் மாறும், தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தாவுவது

பணமும் உழைப்பும் வீணாவது இங்கேதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

வாக்கர் குடும்பத்தைத் தேடிய ஒருவர் யார்க்‌ஷயரில் 1600-கள் வரை ஒழுங்காகப் போயிருந்தார். நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து இறுக்குபவர்தான் வாக்கர் என்று எங்கோ படித்தார். உடனே 1379-ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியலைத் திறந்தார். யார்க்‌ஷயரின் ஒரு பகுதியான மேற்கு ரைடிங்கில் ஒரு ஜான் வாக்கர் அகப்பட்டதும் அவரையே மூதாதை ஆக்கிவிட்டார். அப்புறம் அந்த ஜானைத் துரத்தி, நகல் நகலாகப் பணம் கட்டினார்.

கம்பளி நெய்த வட்டாரங்களில் ஊருக்கு ஊர் துணி மிதிப்பவர் இருந்தார். வாக்கர் என்ற பெயரும் அங்கங்கே தனித்தனியாக முளைத்தது. பெயர் பரம்பரையாக நிலைத்த பிறகு, மகன் தச்சனானாலும் அவன் வாக்கர்தான். தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் ஆணையிட்டதே 1538-ல். 1379-க்கும் அதற்கும் நடுவில் கிடக்கும் ஏறத்தாழ 160 ஆண்டுகளை உயில், மேனர் (நிலப்பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள் என்று ஒவ்வொரு தலைமுறையாக நிரூபித்தால்தான் கடக்க முடியும்.

அந்தப் பட்டியலையாவது முழுதாகப் படித்திருக்கலாம். சாதாரணக் குடியானவருக்கு வரி 4 பென்ஸ். கைத்தொழில் செய்பவருக்கு 6 பென்ஸோ அதற்கு மேலோ. தொழிலையும் பல இடங்களில் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். இந்த ஜான் கட்டியது 4 பென்ஸ், தொழில் எதுவும் எழுதவில்லை. அவர் துணி மிதித்தார் என்பதற்கே ஆதாரம் இல்லை!

ஒரே தொழிலை மூன்றாகப் பிரிப்பது

தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கே வாக்கர். மூவருக்கும் வேலை ஒன்றுதான். 14-ஆம் நூற்றாண்டில் பெயர் இன்னும் உறைந்திருக்கவில்லை. ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட பெயரில் வரலாம்.

ஃபேபர் என்று தனிக் குடும்பம் தொடங்குவது

ஃபேபர் என்றால் லத்தீனில் கொல்லர். எழுத்தர் ஸ்மித்தை லத்தீனில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

வெப்ஸ்டர், ப்ரூஸ்டர் என்றாலே பெண் என்பது

வெப்ஸ்டர் துணி நெய்பவர், ப்ரூஸ்டர் பியர் வடிப்பவர். '-ஸ்டர்' என்ற விகுதி பெண்பாலில் பிறந்தது, சரி. ஆனால் ஆண்களுக்கும் தாராளமாக வழங்கியது.

ஹஸ்பண்ட்மேன்

கணவர் இல்லை. சிறு விவசாயி.

தொழிலைத் தவறான இடத்தில் தேடுவது

குடும்பப் பெயரில் தேடாதீர்கள், வழக்கு ஆவணங்களைப் பாருங்கள். பிரதிவாதியின் தொழில் அல்லது சமூக நிலையையும் ஊரையும் எழுத வேண்டும் என்று 1413-ல் சட்டமே வந்தது. அங்கே ஒரு வாக்கரின் பெயருக்குப் பின்னால் தையல்காரர் என்று இருந்தால், அவர் தையல்காரர்.