குளிர் அணுக்கரு இணைவு: மிகைவெப்பக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்ஸும், பல்லேடியம் என்ற உலோகத்தாலான எதிர்மின்வாயைக் கொண்டு கனநீரை (ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் கொண்ட நீரை) மின்னாற்பகுத்தபோது வேதிவினைகளால் விளக்க முடியாத அளவு வெப்பம் எழுந்ததாக அறிவித்தார்கள். அதற்குக் காரணம் அறை வெப்பநிலையிலேயே நிகழும் 'குளிர்' அணுக்கரு இணைவா என்று கேட்பதற்கு முன், வெப்பம் உண்மையிலேயே மிகுந்ததா என்பதை உறுதி செய்தாக வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

வெளியேறும் வாயுவை அளக்காமல் ஊகிப்பதே முதன்மையான தவறு. மின்னாற்பகுப்பு நடக்கும் பாத்திரமான கலம் திறந்திருந்தால், அதிலிருந்து வெளியேறும் டியூட்டீரியமும் ஆக்சிஜனும் ஆற்றலின் ஒரு பகுதியை எடுத்துச் செல்வதால், கலத்தின் மின்னழுத்தத்தில் 1.54 வோல்ட்டைக் கழித்துவிட்டு, எஞ்சியதை மின்னோட்டத்தால் பெருக்கி, எழ வேண்டிய வெப்பத்தைக் கணக்கிடுவது வழக்கம். 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் செலுத்தினால், உள்ளே போகும் 2.5 வாட்டில் 0.77 வாட் வாயுக்களோடு போய்விடும், 1.73 வாட் மட்டுமே வெப்பமாகும். அவ்வாயுக்கள் கலத்துக்குள்ளேயே முழுவதும் மீண்டும் சேர்ந்து நீரானால், 2.5 வாட்டும் வெப்பமாகி, ஏறத்தாழ 45 சதவீத 'மிகை' காகிதத்தில் தோன்றிவிடும். முழுமையாகச் சேர்வது அரிது என்றாலும், சில சதவீத மிகையைப் பெரிதாகப் பேசுவோருக்கு அதில் சிறு பங்கே போதும். வாயுவின் கனஅளவை அளப்பதும், மூடிய கலத்தில் வினையூக்கி வைத்து வாயு முழுவதையும் நீராக்கிவிடுவதும் இந்த ஐயத்தைப் போக்கும் வழிகள்.

கரைசலில் ஒரே இடத்து வெப்பநிலையை நம்புவதும் ஆபத்தானது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கின் நேதன் லூயிஸ், சரியாகக் கலக்கப்படாத கலத்தில் இடத்துக்கு இடம் வெப்பநிலை மாறுபடும் என்று 1989 மே மாதத்திலேயே சுட்டிக்காட்டினார். குமிழிகளே கரைசலைக் கலக்கிவிடும் என்பது யூட்டா தரப்பின் பதில். வாதத்தைவிட, வெவ்வேறு ஆழங்களில் சில வெப்பமானிகளை வைத்துப் பார்ப்பது எளிது. மின்னாற்பகுப்பு தொடரத் தொடர நீர்மட்டம் இறங்கி, கலத்தின் வெப்ப இழப்பும் மாறக்கூடும் என்பதால், தொடக்கத்தில் ஒருமுறை செய்த அளவுத்திருத்தத்தை (தெரிந்த அளவு வெப்பத்தைக் கொண்டு கலத்தின் வெப்ப இழப்பைக் கணித்ததை) இறுதிவரை பயன்படுத்தக் கூடாது.

ஒப்பீட்டுக்குச் சாதாரண நீரை எடுப்பவர்கள், அதற்குக் கழிக்க வேண்டியது 1.54 அல்ல, 1.48 வோல்ட் என்பதை மறந்துவிடுகிறார்கள். கனநீரோ காற்றின் ஈரத்தை ஈர்த்துச் சாதாரண நீரோடு கலப்படமாகிவிடும்.

மிகைவெப்பத்தை மறுப்பவர்களும் தவறுக்கு விலக்கானவர்கள் அல்லர். மிகைவெப்பம் எழ, ஒரு பல்லேடிய அணுவுக்கு ஏறத்தாழ 0.9 டியூட்டீரியம் அணுக்களாவது உட்புக வேண்டும் என்று எஸ்ஆர்ஐ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் மைக்கேல் மக்கூப்ரி வலியுறுத்தினார். அந்த விகிதத்தை அளக்காமல் வெளியிடப்படும் எதிர்மறை முடிவு, அவர் கூறும் நிலையைச் சோதித்ததாகவே ஆகாது.