படம் முடிந்ததும் பேச்சு நடக்க வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் மண்டபத்திலோ வீட்டுக் கூடத்திலோ கலைப்பட வட்டம் நடத்துபவர்களுக்கு.

சப்டைட்டிலை முதல் நாளே சோதியுங்கள். ஆரம்பத்தில் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்) ஓடும் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 23.976 பிரேம் பிரதியோடு போட்டால், இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் முந்திவிடும். ஒரே அளவு விலகல் என்றால் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஜி, ஹெச் விசைகள் போதும்: ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி. போகப்போகக் கூடும் விலகலுக்கு அது உதவாது, வேறு கோப்புதான் தேட வேண்டும். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. தமிழ்ப் படமானாலும் ஆங்கில சப்டைட்டில் போடுங்கள்.

வீட்டுக்கென்று விற்கும் டிவிடிக்குப் பொதுத் திரையிடல் உரிமை கிடையாது. உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) இருந்தால் அதன் அட்டவணையையும் பாருங்கள். மின்சாரம் போய், விளக்குள்ள புரொஜக்டர் சூட்டோடு அணைந்தால் உடனே போடாதீர்கள், ஆறட்டும்.

பேச்சைத் தொடங்க "பிடித்ததா?" என்ற கேள்வி உதவாது, ஆமாம், இல்லை என்பதோடு நின்றுவிடும். ஒரு காட்சியைத் திரும்பப் போடுங்கள். சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல், அவளுக்கு வாங்கிய சேலையை நீட்டும்போது மனைவி சர்வஜயா கதறுகிறாள். அழுகை கேட்பதில்லை, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் மட்டும் கேட்கிறது. "ஏன் குரலை எடுத்தார்கள்?" என்று கேளுங்கள். வாய் திறக்காதவரும் பேசுவார்.