டிரிப் எப்படி ஏறியது என்று கேட்காமல் டோஸை மாற்றாதீர்கள்

வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் ட்ரஃப் (அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் இருக்கும் மிகக் குறைந்த அளவு) லிட்டருக்கு 28 மி.கி. என்று ரிப்போர்ட் வந்தால், டோஸைக் குறைக்கத்தான் முதலில் தோன்றும். அதற்கு முன், ரத்தம் எந்தக் கையில் எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். மருந்து ஏறிய லைனிலேயே எடுத்திருந்தால் குழாயில் தங்கிய மருந்தும் சேர்ந்து வந்திருக்கும். மறு கையில் குத்தி எடுத்த சாம்பிளைத்தான் நம்பலாம்.

அடுத்தது நேரம். சார்ட்டில் காலை 8 மணி டோஸ். நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பதால் 1 கிராம் ஏற 100 நிமிடம், 9.40-க்கு முடியும், ஒரு மணி நேரம் விட்டு 10.40-க்குப் பீக் (டோஸ் ஏறிய பின் வரும் உச்ச அளவு) பார்க்க ரத்தம் எடுக்கலாம் என்று கணக்கு. கேனுலா (நரம்பில் செருகிய சிறு குழாய்) அடைத்துக்கொண்டு டிரிப் 9 மணிக்குத்தான் ஓடியதென்றால்? 10.40-க்கு அப்போதுதான் பாட்டில் காலியாகியிருக்கும். மருந்து திசுக்களுக்குள் பரவும் முன் எடுத்த ரத்தம் அது. எண் எகிறத்தான் செய்யும். ஏற வேண்டிய நேரத்தை அல்ல, ஏறத் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதுங்கள்.

பச்சிளம் குழந்தைகளிடம் இது இன்னும் மோசம். பம்ப் மணிக்கு 2 மி.லி. வேகத்தில் ஓடுகிறது, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் போட்ட போர்ட்டிலிருந்து (குழாயில் மருந்து செலுத்தும் வாய்) குழந்தை வரை குழாயில் 1 மி.லி. இடம் என்றால், முதல் சொட்டு உள்ளே போகவே அரை மணி நேரம். நாம் பீக் என்று எடுப்பது மருந்தே சரியாகப் போய்ச் சேராத ரத்தமாக இருக்கலாம். குழந்தைக்கு மிக அருகில் உள்ள போர்ட்டில் கொடுத்து, ஃப்ளஷ் செய்துவிட்டு (குழாயில் தங்கிய மருந்தைச் சலைன் விட்டு உள்ளே தள்ளிவிட்டு), அது முடிந்த நேரத்திலிருந்து கணக்கிடுவதே சரி.

பெரியவர்களுக்கும் ஃப்ளஷ் வேண்டும். அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் 750 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்து, டிரிப் குழாயில் 20 மி.லி. தங்கியபடியே கழற்றி எறிந்தால் 150 மி.கி. குப்பைக்குப் போகிறது. ரத்தத்தில் அளவு குறைவாக வந்ததைப் பார்த்து டோஸை ஏற்றுவார்கள்; குழாயை யாரும் பார்ப்பதில்லை.

24 மணி நேரமும் தொடர்ந்து ஏறும் வாங்கோமைசினுக்கு ட்ரஃப் என்ற ஒன்றே கிடையாது. ரத்தத்தில் அளவு நிலைபெற்ற பிறகு லிட்டருக்கு 20 முதல் 25 மி.கி. வரை இருப்பதே இலக்கு. 22 வந்தால் ஒரு நாளைய ஏயுசி (நாள் முழுவதும் உடல் சந்திக்கும் மொத்த மருந்தளவு) 22 × 24 = 528. விரும்பும் 400–600-க்குள் கச்சிதமாக இருக்கிறது. லேப் ஃபார்மில் 'தொடர் டிரிப்' என்று எழுதாமல் விட்டால், அதே 22-ஐ உயர்ந்த ட்ரஃப் என்று எண்ணி, இரவு டியூட்டி டாக்டர் டிரிப்பை நிறுத்திவிடுவார்.